ஏர்பேக் விளக்கு: ஏற்காடு வளைவு காட்டிக்கொடுத்தது

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு ஏறினேன். அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டேன், போய்விட்டது. ஏழாவது வளைவில் திரும்பவும் வந்தது. மேலிருந்து பஸ் இறங்குகிறதே என்று ஹார்னை அழுத்தினால் சத்தமே இல்லை. ஸ்டியரிங் நேரானதும் அடிக்கிறது! மொத்தம் இருபது வளைவு. மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

சேலம் இறங்கி ஒரு பட்டறையில் காட்டினேன். போனோடு சேரும் சின்ன ஸ்கேனரைச் சொருகி, "கோடு (பழுதைக் காட்டும் குறியீடு) எதுவும் இல்லை சார், ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் போயிருக்கும், மாத்திடலாம்" என்றார்கள். அந்த மாதிரி ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோடுகள் ஆங்கில 'B' எழுத்தில் தொடங்குபவை, அதைப் படிக்கிற கருவி வேறு. கோடே பார்க்காமல் யூனிட்டை மாற்றச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் அஸ்தம்பட்டிப் பக்கம் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஹார்ன் அடிக்குதுங்களா?" நடந்ததைச் சொன்னேன், சிரித்தார். பெரிய ஸ்கேனரில் டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்று வந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, "வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். கழற்றிய பிறகும் யூனிட்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும், அது இறங்கட்டும் என்றுதான் அந்த டீ. நான் ஆர்வக்கோளாறில் மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக் முனையில் வைக்கப் போக, கையைத் தட்டிவிட்டார். மீட்டர் விடுகிற சின்ன கரன்ட்டுக்கே பை வெடிக்கலாமாம்.

ஸ்டியரிங்கைக் கழற்றினால் கிளாக் ஸ்பிரிங். வட்ட டப்பாவுக்குள் ரிப்பன் மாதிரி மெல்லிய கேபிள் சுருண்டிருக்கும். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுருண்டு விரியும், ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் கனெக்ஷன் அதன் வழியாகத்தான். என் வண்டியில் அந்தக் கேபிள் மடிப்பில் கிழிந்திருந்தது. புதுசு மாட்டும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஸ்பிரிங்கும் நடு நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கொண்டை ஊசியிலேயே அறுந்துவிடும். கோடை அழித்ததும் விளக்கு அணைந்தது.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒருவர் பதில்: எனக்கு விஷயமே வேற அண்ணா. சைடு ஏர்பேக் உள்ள வண்டி. பையன் குடையை முன் சீட்டுக்கு அடியில் திணிச்சதில் மஞ்சள் கனெக்டர் லூஸாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி, பொறுத்திருந்து, கிளிக் சத்தம் வரும்வரை அழுத்தினேன். ஆனால் விளக்கு போகவில்லை, ஸ்கேனர் வைத்துக் கோடை அழித்த பிறகுதான் போனது. ஏர்பேக் வயருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே தெரியாமல் கை வைக்காதே என்பதற்குத்தான்.

ஐந்து ரோட்டிலிருந்து இன்னொருவர்: பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிங்க. சாவி போட்டதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். நான் பார்த்த வண்டியில் எரியவே இல்லை. விற்கிறவர் பழுதை மறைக்க பல்பையே பிடுங்கியிருந்தார்! விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மோதும்போது பை விரியாமல் போகலாம், பல்பைப் பிடுங்கினால் அதுவும் தெரியாது.

முதலில் எழுதியவன்: ஐந்து ரோட்டு நண்பருக்கு நன்றி. பல்பு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. போன ஞாயிறு திரும்பவும் மலை ஏறினேன். இருபது வளைவிலும் ஹார்ன் அடித்தேன், வீட்டம்மாதான் போதும் நிறுத்துங்க என்றாள்.