மறுமொழி: ‘நீக்கப்பட்ட காட்சி’க்கு ஒரு சொல் (அரங்கொப்பனையும் சேர்த்து)

அனைவருக்கும் வணக்கம்.

‘டிலீட்டட் சீன்’ (எடுத்த பிறகு படத்தில் சேர்க்காமல் விட்ட காட்சி), ‘செட் டிரெஸ்ஸிங்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனது என் தப்பு. திரும்பி வந்து பார்த்தால் பதினேழு மடல், அதில் பாதி ‘காட்சி’யா ‘காணொளி’யா என்ற பழைய சண்டை. அதற்குள் நான் வரவில்லை. சீன் என்றால் காட்சி, நாடகக் காலத்திலிருந்து அப்படித்தான், விட்டுவிடுவோம்.

எனக்கு ஏன் இந்தச் சொல் வேண்டும் என்பதை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் செட் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செட்டைப் பற்றி நாலு வரி எழுதினால் ஐந்தாவது வரி ஒரு டிலீட்டட் சீனில் போய் முட்டுகிறது. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சொல் கேட்டேன்.

முதலில் செட்.

> செட் டிசைனுக்கு ‘அரங்க அமைப்பு’ போதுமே, டைட்டிலில் ‘அரங்க நிர்மாணம்’ என்றுகூடப் போடுகிறார்களே.

போதும், ஒரே வேலையாக இருந்தால். ஆனால் இங்கே மூன்று வேலை இருக்கிறது. ஒருவர் வரைகிறார், ஒருவர் கட்டுகிறார், ஒருவர் கட்டியதற்கு உயிர் கொடுக்கிறார். ‘ஏலியன்’ படத்தில் இந்த மூன்றும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரியும். கதை நடக்கும் நாஸ்ட்ரோமோ என்ற விண்வெளி இழுவைக் கப்பலை வரைந்தவர் ரான் காப். பூமிக்காரர்களின் கப்பல் ஒருவர் கையில், வேற்றுக்கிரகத்துப் பாழடைந்த கப்பலும் மனிதர்களை வேட்டையாடும் அந்த உயிரினமும் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர் கையில். இரண்டு உலகமும் ஒரே மூளையிலிருந்து வந்தவை மாதிரி இருக்கக்கூடாது என்றுதான் இந்தப் பிரிவினை, படம் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும். இது வடிவமைப்பு. அப்புறம் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் நாஸ்ட்ரோமோவின் தளம் ஒவ்வொன்றையும் கிட்டத்தட்ட ஒரே துண்டாகக் கட்டினார்கள், நடிகர்கள் தங்கள் இடத்துக்குப் போக வேண்டுமானால் அந்த நடைவழிகளுக்குள் புகுந்துதான் போக வேண்டும். இது நிர்மாணம்.

மூன்றாவதுதான் எனக்குச் சிக்கல். கட்டிய சுவர் வெறும் சுவர். அதன் மேல் பழைய விமானங்களின் உதிரி பாகங்களை, காயலான் கடைச் சரக்கு என்று நாம் சொல்வோமே அதை, குழாய் குழாயாக, பெட்டி பெட்டியாக ஒட்டி, பல வருடம் ஓடிக் களைத்த சரக்குக் கப்பல் மாதிரி ஆக்கினார்கள். கலை இயக்குநர்களில் ஒருவரான ரோஜர் கிறிஸ்டியன் இதே வித்தையை 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் செய்து அதற்கு ஆஸ்கர் வாங்கியவர். இதைத்தான் செட் டிரெஸ்ஸிங் என்கிறார்கள். ‘அரங்க அலங்காரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அலங்காரம் என்றால் கல்யாண மண்டபம் ஞாபகம் வருகிறது. இங்கே நடப்பது அழகுபடுத்துவது இல்லை, அழுக்காக்குவது. நடிகருக்கு முகத்தில் பூசுவதை ஒப்பனை என்கிறோம், கிழவன் வேஷத்துக்கும் அதே ஒப்பனைதான். அதையே சுவருக்கும் சொன்னால் என்ன? ‘அரங்கொப்பனை’. வடிவமைப்பு, நிர்மாணம், ஒப்பனை என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும், யாரும் யார் வேலையையும் தின்னாது.

இன்னொரு லாபமும் உண்டு. பாழடைந்த கப்பலுக்குள் பிரம்மாண்டமான ஒரு இருக்கையில் செத்துக் கல்லாகிப்போன விமானி ஒருவன் இருப்பான், ஞாபகம் இருக்கும். அந்த உருவத்தின் உயரம் 26 அடி. ஒரே ஒரு காட்சிக்கு இவ்வளவு பெரிய செட்டா என்று பட நிறுவனம் முதலில் தயங்கியது. கட்டிய பிறகும் அது போதவில்லை, இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் இரண்டு மகன்களுக்கும் ஒரு ஒளிப்பதிவாளரின் மகனுக்கும் சிறிய விண்வெளி உடை தைத்துப் போட்டு, தூரத்துக் காட்சிகளில் பெரியவர்களுக்குப் பதிலாக நடக்க விட்டார். (அளவை ஏமாற்றுகிற இந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு சண்டை.) அந்தக் காட்சி முடிந்ததும் விமானியையும் அவன் உட்கார்ந்த வட்டத் தட்டையும் அப்புறப்படுத்திவிட்டு, அதே செட்டை வேறு மாதிரி ஒப்பனை செய்து அந்த உயிரினத்தின் முட்டைகள் கிடக்கும் அறையாக மாற்றினார்கள். இதைச் சொல்ல ‘மறுவொப்பனை’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ‘அரங்க அமைப்பு’ மட்டும் கையில் இருந்தால், வேறு செட் கட்டினார்களா இதையே மாற்றினார்களா என்று விளக்கவே ஒரு பத்தி வேண்டும்.

சரி, முட்டைக்கு வந்துவிட்டோம், இங்கேதான் டிலீட்டட் சீன்.

அவ்வளவு முட்டைகள் எங்கிருந்து வந்தன? படத்தில் பதில் இல்லை. ஆனால் பதிலைப் படம்பிடித்திருந்தார்கள். கடைசியில், கப்பல் வெடிக்கப்போகும் நேரத்தில் தப்பித்து ஓடும் கதாநாயகி ரிப்ளி, காணாமல்போன கேப்டன் டல்லாஸைக் கண்டுபிடிக்கிறாள். சுவரோடு சுவராகக் கூடு கட்டி அவனை ஒட்டி வைத்திருக்கிறது அந்த உயிரினம், பக்கத்தில் கப்பல் ஊழியன் பிரெட் ஏறக்குறைய முட்டையாகவே மாறிக்கொண்டிருக்கிறான். என்னைக் கொன்றுவிடு என்று டல்லாஸ் கெஞ்ச, ரிப்ளி தீ உமிழும் துப்பாக்கியால் அந்த இடத்தையே கொளுத்துகிறாள். அதாவது மனிதர்தான் முட்டை. பயங்கரமான பதில். ஆனால் ஓட்டத்தின் நடுவே அவள் நின்றுவிடுகிறாள், கூடவே படமும் நின்றுவிடுகிறது. வேகம் கெடுகிறது என்று அதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அது கதையில் இல்லாததால் என்ன ஆயிற்று பாருங்கள். 1986இல் அடுத்த படத்தை எடுத்த ஜேம்ஸ் கேமரனுக்கு முட்டைக் கேள்வி காலியாகக் கிடைத்தது, அவர் முட்டையிடும் ராணி ஒன்றை உருவாக்கிவிட்டார். அப்புறம் 2003இல் ‘ஏலியன்’ மறுபடி திரைக்கு வந்தபோது டல்லாஸ் கூட்டில் இருக்கும் அந்தக் கூட்டுக் காட்சி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதில், ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

> ‘நீக்கப்பட்ட காட்சி’ எல்லோருக்கும் புரிகிறது, புதுச்சொல் எதற்கு?

இதற்காகத்தான் மேலே இவ்வளவு கதை. ‘நீக்கு’ என்பது இன்றைக்கு நம் கைப்பேசியில் ஒரு பொத்தான். அமுக்கினால் படம் போய்விடும். கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட பிறகு ‘நீக்கப்பட்ட’ என்றாலே ‘இனி இல்லாத’ என்றுதான் மனதில் விழுகிறது. ஆங்கிலச் சொல்லிலும் இதே கோளாறு இருக்கிறது, அதை நாமும் சுமக்க வேண்டுமா? கூட்டுக் காட்சி எங்கும் போகவில்லை. பெட்டிக்குள் இருந்தது, வெளியே நடப்பதை மாற்றியது, திரும்பியும் வந்தது. தவிர, ‘நீக்கப்பட்ட காட்சிக்காகக் கட்டப்பட்ட அரங்கு பிறகு மாற்றப்பட்டு’ என்று எழுதிப் பாருங்கள், பட்ட பட்ட பட்ட என்று காது கூசும்.

வந்த மற்ற பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து. ‘வெட்டுக்காட்சி’ சென்சாரிடம் போய்விட்டது, நம் ஊரில் வெட்டு என்றால் தணிக்கைதான், இயக்குநர் தானாகவே படத்திலிருந்து எடுத்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ‘விடுபட்ட காட்சி’ என்றால் மறதியில் விட்டது போல் இருக்கிறது. ‘கழிகாட்சி’ வேண்டாம், கழிவு நாற்றம். ‘கத்தரிகாட்சி’ என்று எழுதியவர் விளையாட்டாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன், எனக்குக் கத்தரிக்காய் என்றே கண்ணில் பட்டது.

‘மிகைக்காட்சி’யை மட்டும் சட்டென்று தள்ள மனம் வரவில்லை. கம்பராமாயணப் பதிப்புகளில் கம்பன் பாட்டுத்தானா என்று சந்தேகமுள்ளவற்றை அழிக்காமல் ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே அச்சிடுவார்கள். ஓரமாக வை, ஆனால் வை என்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அந்தச் சொல்லைப் பரிந்துரைத்த ஐயா காட்டியது அருமை. ஆனால் இரண்டு தடை. மிகைப் பாடல் பெரும்பாலும் வேறொருவர் நுழைத்தது, டிலீட்டட் சீன் அதே இயக்குநர் எடுத்தது. இரண்டாவது, ‘மிகை நடிப்பு’ என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது, மிகைக்காட்சி என்றால் யாரோ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற காட்சி என்றுதான் படிப்பார்கள்.

ஐயா சொன்ன கருத்தை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுகிறேன்: ‘ஒதுக்குகாட்சி’.

ஒதுக்கியது அழியாது. ஓரமாக இருக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற பிள்ளைகளுக்கும் இது புரியும். வினைத்தொகை என்பதால் ஒதுக்கிய, ஒதுக்குகின்ற, ஒதுக்கும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். குடிநீர், கடைமோர் மாதிரிதான். தயவுசெய்து நடுவில் ‘க்’ போடாதீர்கள், ஊறுகாயில் போடுகிறோமா என்ன? வினையாகவும் ஓடும்: ‘இந்தக் காட்சியை ஒதுக்கிவிட்டார்’ என்று எடிட்டிங் அறையில் பேச்சிலேயே சொல்லலாம்.

> ஒதுக்கு என்றால் நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு என்று போகுமே?

போகும்தான். ஆனால் நிதியை ஒன்றுக்காக ஒதுக்குகிறோம், காட்சியை ஒன்றிலிருந்து ஒதுக்குகிறோம், எந்தப் பக்கம் என்பதை வாக்கியம் சொல்லிவிடும். ‘ஒதுக்கீடு’ என்ற வடிவத்தை நான் தொடவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு வகை மிச்சம் இருக்கிறது, கலந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்று, மக்கள் பார்த்த பிறகு படத்திலிருந்து எடுத்தது. 1968 ஏப்ரலில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ வெளியான சில நாட்களிலேயே ஸ்டான்லி குப்ரிக் சுமார் 19 நிமிடத்தைக் குறைத்தார். அதில், விண்வெளி வீரர்கள் ஓடுவதற்காகக் கட்டிய 38 அடி விட்டமுள்ள சுழலும் செட்டில் எடுத்த உடற்பயிற்சியின் ஒரு பகுதியும் போய்விட்டது. ஏழரை லட்சம் டாலர் செலவான சக்கரம் அது, ஆனாலும் கை நடுங்கவில்லை மனிதருக்கு. இதுவும் ஒதுக்குகாட்சிதான், தனிச்சொல் வேண்டாம் என்பது என் எண்ணம். ‘வெளியீட்டுக்குப் பின் ஒதுக்கியது’ என்றால் போதும்.

மற்றொன்று நிஜமாகவே தொலைந்தது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் காட்டிய முழு நீளத்தில் பிழைக்கவில்லை. அப்புறம் வெட்டிச் சுருக்கியதில் ஏறக்குறைய கால் பங்கு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று கிடைத்து, அதை வைத்து 2010இல் சீரமைத்தார்கள். கீறல் விழுந்த அந்தப் பகுதிகள் மட்டும் இன்றும் தனியாகத் தெரியும். இதற்கும் வினைத்தொகையாக ஒரு சொல் செய்யலாம் என்று ஆசையாக உட்கார்ந்து தொலைந்த காட்சி, தொலைகின்ற காட்சி, தொலையும் காட்சி என்று சேர்த்தேன். ‘தொலைகாட்சி’ என்று வந்தது. இலக்கணம் நூற்றுக்கு நூறு சரி. ‘க்’ இருந்தால் டிவி, இல்லாவிட்டால் போயே போய்விட்டது. தெருவில் பாதிக் கடைப் பலகைகளில் ‘தொலைகாட்சி விற்பனைக்கு’ என்றுதான் இருக்கிறது. அதனால் ‘இழந்த காட்சி’ என்று இரண்டு சொல்லாகவே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, ‘இயக்குநர் பதிப்பு’ (டைரக்டர்ஸ் கட்) பற்றி ஒரு குறை. 2003 ‘ஏலியன்’ பதிப்பை அந்தப் பெயரில்தான் விற்றார்கள். ஆனால் ஸ்காட்டுக்கு 1979 பதிப்பிலேயே திருப்தி இருந்தது, அவரே சொல்லியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை, ஒதுக்கியதைச் சேர்த்த பிறகும் புதிய பதிப்பு பழையதைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் சின்னது, மற்ற இடங்களில் அவ்வளவு இறுக்கியிருக்கிறார். ஆகவே ‘விரிவான பதிப்பு’ என்றும் சொல்ல முடியாது. கட்டுரையில் ‘2003 பதிப்பு’ என்று மட்டும் போட்டுத் தப்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். ‘அரங்கொப்பனை’க்கும் ‘ஒதுக்குகாட்சி’க்கும் மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு எழுதினால் இன்னும் நல்லது. சும்மா ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் வரும் மடல்களை நான் ஒதுக்கிவிடுவேன், அழிக்க மாட்டேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்