டூல்ஸ் இல்லாத விஎம் பட்டியல்: தினமும் மெயில் தேவையா?

வடசேரிக்காரன்:
விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள்ள போடுற உதவி மென்பொருள்) சரியா இல்லாத விஎம்களை (சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கணினிகளை) விசென்டர்ல (விஎம்களை நிர்வகிக்கிற மென்பொருள்) இருந்து எடுத்து தினமும் காலையில மெயில் போற மாதிரி பவர்சிஎல்ஐ (விஎம்வேரோட கமாண்ட் கருவி) ஸ்கிரிப்ட் போட்டிருக்கேன். மேனேஜர் 'இதை யாரு படிப்பா'ங்கிறாரு. நம்ம ஊர்ல மழை பெய்தா கரண்ட் நிக்குமா? யுபிஎஸ் தீரும்போது விஎம்மை ஒழுங்கா ஷட்டவுன் பண்ண, அது ஓடுற சர்வரான ஹோஸ்ட்டுக்கு டூல்ஸ் வேணும். அது இல்லேன்னா பிளக்கைப் பிடுங்கின கதைதான். 2017 ஒக்கி புயல்ல நம்ம கன்னியாகுமரி மாவட்டமே நாள்கணக்குல இருட்டுல கெடந்தது மறந்துபோச்சா?

தக்கலை லினக்ஸ்:
எல்லாத்துக்கும் ஒக்கியை இழுக்காதீங்க அண்ணாச்சி. ஸ்கிரிப்ட்ல என்ன வடிகட்டி போட்டிருக்கீங்க?

வடசேரிக்காரன்:
வெர்ஷன் ஸ்டேட்டஸ் 'கெஸ்ட்டூல்ஸ்கரன்ட்' (டூல்ஸ் புது வெர்ஷன்ல இருக்கு) இல்லாதது எல்லாம் வரும்.

தக்கலை லினக்ஸ்:
அதான் யாரும் படிக்கல! உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல, டூல்ஸோட ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன்-விஎம்-டூல்ஸ் பேக்கேஜ் போட்டா 'அன்மேனேஜ்டு'ன்னு காட்டும். டூல்ஸ் இல்லைன்னு அர்த்தமில்ல, அப்டேட்டை அந்த ஓஎஸ்ஸே பாத்துக்கும்னுதான் அர்த்தம். பழைய பேக்கேஜ்ல வெர்ஷன் எண் 2147483647ன்னு வரும், அதைப் பாத்துப் பயப்படுறவங்களும் உண்டு. போட்டிருக்கா, ஓடுதா, பழசா... மூணும் வேற வேற கேள்வி. ஓடுதான்னு கேக்க ரன்னிங் ஸ்டேட்டஸ் தனியா இருக்கு. அதையும் பவர் ஆன்ல இருக்கிற விஎம்முக்கு மட்டும் கேளுங்க. ஆஃப் ஆனது எப்பவும் 'நாட் ரன்னிங்'தான்.

குளச்சல் கரை:
எனக்கு ரிப்போர்ட்டே வேண்டாம்ங்க. எங்ககிட்ட வெண்டர் சீல் பண்ணிக் கொடுத்த அப்ளையன்ஸ் (ரெடிமேட் விஎம்) சிலது இருக்கு. உள்ள கை வச்சா சப்போர்ட் கிடையாது. தினமும் சிவப்புல அதுதான் வந்து நிக்கும்.

வடசேரிக்காரன்:
அதுக்கு ஒரு டேக் போட்டு விலக்குங்க மக்கா. அதுக்காக மத்ததையும் பாக்காம விடணுமா? டூல்ஸ் இல்லாத விண்டோஸ் சர்வர்ல கொயஸ் பண்ணி (எழுதுறதைக் கொஞ்சம் நிறுத்தி வச்சு) ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையோட பதிவு) எடுக்க முடியாது. பேக்கப் 'வெற்றி'ன்னு காட்டும், ஆனா உள்ள டேட்டாபேஸ் பாதி எழுதின நிலையில இருக்கலாம். விஎம்முக்குத் தேவைப்படாத மெமரியை ஹோஸ்ட்டுக்குத் திருப்பித் தர்ற பலூன் டிரைவரும் இருக்காது. ஹோஸ்ட்ல மெமரி இறுகினா நேரா ஸ்வாப்தான் (மெமரிக்குப் பதிலா டிஸ்க்), விஎம் தவழும்.

தக்கலை லினக்ஸ்:
விண்டோஸுக்குச் சரி. லினக்ஸ் கெர்னல்ல பலூன் 2.6.34லயே வந்தாச்சு. ஆபத்து இல்லேன்னு நான் சொல்லவே இல்ல. தினமும் அதே பட்டியல் வந்தா மனுசன் கண்ணு பழகிடும்னுதான் சொல்றேன். வாரம் ஒண்ணு போதும்.

வடசேரிக்காரன்:
செவ்வாய்க்கிழமை எவனாவது டூல்ஸ் போடாம புது விஎம் ஏத்தினா அடுத்த திங்கள் வரை தெரியாதே?

தக்கலை லினக்ஸ்:
அப்ப ஸ்கிரிப்ட் தினமும் ஓடட்டும், மெயில் மட்டும் போகவேண்டாம். நேத்தைய பட்டியல் ஃபைலோட (சிஎஸ்வி) ஒப்பிட்டு, புதுசா சேர்ந்தது இருந்தா மட்டும் அனுப்புங்க. விஎம் யாருதுன்னு பட்டியல்ல ஒரு நெடுவரிசையும் சேருங்க.

குளச்சல் கரை:
அந்த நெடுவரிசையை யாரு நிரப்புவா? எங்க ஆபீஸ்ல பாதி விஎம்முக்கு ஓனரே வேலையை விட்டுட்டுப் போயாச்சு.