புதுப்பிப்பு: சிங்கப்பூருக்குக் கப்பலேற்றப்பட்ட மூதாதை, பதிவு கிடைத்துவிட்டது

1852 வாக்கில் கோர்ட் தண்டனையாகத் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட என் பூட்டனின் தகப்பனாரை எங்கே தேடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆள் கிடைத்துவிட்டார்.

வீட்டில் ‘அந்தமானுக்குப் போனவர்’ என்றே சொல்வார்கள், அதனால் நானும் அங்கேயே தேடி இரண்டு வருஷத்தை விட்டேன். அந்தமானில் நிலையான கைதிக் குடியிருப்பு தொடங்கியதே 1858இல்தான், அதற்கு முன் போனவர் என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம் பாருங்கள் என்று ஒருவர் எழுதினார். பெயரை விட்டுவிட்டு, தண்டனை கொடுத்த கோர்ட்டையும் வருஷத்தையும் வைத்து சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் நீதித்துறைத் தொகுதிகளைப் புரட்டச் சொன்னதும் அவரே. அதுதான் பலித்தது.

நான்காம் நாள் மதியம், ஓரம் பொடிந்த பக்கத்தில் ஒரே வரி: தகப்பன் பெயர், ஊர், இடது புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு, ஆயுள், சிங்கப்பூர். அவர் பெயரை அவ்வளவு சிதைத்து எழுதியிருக்கிறார்கள், ஊரும் தகப்பன் பெயரும் கையில் இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். தேடுகிறவர்கள் அந்த இரண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதிர்பாராத ஒன்று. சிங்கப்பூரில் 1856இல் அடிக்கல் நாட்டிய புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள்தானாம். சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசிய சுவர். அப்புறம் என்ன, தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அந்தச் சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும்.