முட்டியில் திரும்பத் திரும்ப வீக்கம், எடுத்த நீர் துரு நிறம்: என்னவாக இருக்கும்?

வலதுமுட்டி: வயது 34. அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. ஒரு வருடமாக வலது முட்டி வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. படி இறங்கும்போது சில சமயம் மடங்கியபடியே பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே நார்மல். போன முறை ஊசியில் எடுத்த நீர் துருப்பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. வாத மாத்திரை கேட்கவில்லை. இப்போது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். கேன்சரா?

எலும்புமருத்துவன்: அந்த நிறம்தான் துப்பு. மூட்டின் உள்சவ்வு தடித்து, அதிலிருந்து ரத்தம் அடிக்கடி கசிந்தால் நீர் இப்படி வரும். மூட்டுச் சவ்வில் வரும் இந்தக் கட்டியை பிவிஎன்எஸ் என்பார்கள், ரிப்போர்ட்டில் டெனோசைனோவியல் ஜெயன்ட் செல் டியூமர் என்றும் இருக்கலாம். அதுதான் என்றால் கேன்சர் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும், அப்படியே விட முடியாது.

எம்ஆர்ஐயில் கிரேடியன்ட் எக்கோ என்ற படமெடுக்கும் முறையையும் சேர்க்கச் சொல்லுங்கள். கசிந்த ரத்தத்தின் இரும்பு படிந்த இடம் அதில் கருப்பாக, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயிலும் இரும்பு படியும், மூட்டுக் காசநோயிலும் சவ்வு தடிக்கும். அதனால் திசுப் பரிசோதனைதான் கடைசி வார்த்தை.

சும்மாஒருவன்: ஸ்டீராய்டு ஊசி போட்டால் அடங்கிவிடுமே?

எலும்புமருத்துவன்: வீக்கம் கொஞ்சநாள் குறையலாம், கட்டி போகாது.

வலதுமுட்டி: எம்ஆர்ஐ வந்துவிட்டது. முட்டியின் முன்னும் பின்னும் பரவிய வகையாம். பயாப்ஸியும் அதையே சொல்கிறது. ஆபரேஷன் ஒரே தடவையில் முடியுமா?

எலும்புமருத்துவன்: ஒரே முடிச்சாக இருந்தால் துளை வழியாக எடுத்துவிடலாம், பெரும்பாலும் அதோடு சரி. பரவிய வகை அப்படி இல்லை. முன்பக்கத்தைத் துளை வழியாகவும், பின்பக்கத்தைத் திறந்தும் சுத்தம் செய்வது வழக்கம். மடிப்புகளில் கொஞ்சம் தங்கினாலும் மீண்டும் வளரும். இந்தக் கட்டியை நிறைய பார்த்த சர்ஜனாகத் தேடுங்கள். பின்னால் முக்கியமான ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

மருந்தாளுநர்: ஆபரேஷனால் பலன் குறைவு என்றால் மாத்திரையும் உண்டு. சிஎஸ்எஃப்1 என்ற புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதால்தான் அந்த செல்கள் வந்து குவிகின்றன. செல்லில் அந்தப் புரதம் ஒட்டும் இடமான ஏற்பியை மருந்து அடைக்கிறது. அமெரிக்காவில் 2019இல் பெக்சிடார்டினிப், 2025இல் விம்செல்டினிப் அனுமதி பெற்றன. முதலாவது கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம், ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும்.

வலதுமுட்டி: சரி, ஆபரேஷனுக்கு அப்புறம்?

எலும்புமருத்துவன்: முட்டி இறுகிவிடும் என்பதால் பிசியோவைத் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் சில வருடங்கள் வரை அவ்வப்போது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். இப்போதைய படங்களைப் பத்திரமாக வையுங்கள், ஒப்பிட அவைதான் வேண்டும்.