ரெக்சின் கை வைத்த வார்சிட்டி ஜாக்கெட்: தோளில் சுருக்கம், இடுப்பு ரிப்பில் அலை, மார்பில் இழுப்பு

கேள்வி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். உதகையில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்காக, உடல் பகுதி மெல்டன் என்னும் தடித்த கம்பளியிலும் கைகள் ரெக்சினிலுமாக (பிளாஸ்டிக் பூசிய, தோல் போன்ற துணி) ஒரு வார்சிட்டி ஜாக்கெட்டை (மார்பில் எழுத்து வைக்கும் கல்லூரிப் பாணி ஜாக்கெட்) வீட்டிலேயே தைத்து வருகிறேன். பிளவுஸும் சுடிதாரும் தைத்துப் பழகியிருந்தாலும் ரெக்சினைத் தொடுவது இதுவே முதல் முறை. லைனிங் வைக்கும் முன்பே மூன்று இடங்களில் பிழை தெரிகிறது.

உடலின் ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் துளை) சுற்றளவு 18 அங்குலம். கையின் மேல் வளைவு 19¼ அங்குலம். பிளவுஸுக்குச் செய்வது போல, மிகுந்த 1¼ அங்குலத்தை இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டு உள்வாங்கிக் கை ஏற்றினேன். பருத்தியில் தெரியாமல் அடங்கிவிடும் அந்த மிகுதி, ரெக்சினில் தோளின் உச்சியில் சிறு சிறு மடிப்புகளாக நிற்கிறது. தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன.

ஜாக்கெட்டின் அடிச்சுற்று 42 அங்குலம். அதற்கு 40 அங்குல ரிப் (இழுபடும் பின்னல் பட்டை) வைத்ததில் இடுப்பில் ஒட்டாமல் அலை அலையாக விரிகிறது. அளவுகளை என் மகனின் ஜாக்கெட்டிலிருந்து எடுத்ததால், மகள் அணிந்து உட்காரும்போது மார்பு மட்டத்தில் உள்ள பிரஸ் பட்டன் தானாகத் திறந்துகொள்கிறது. மூன்றையும் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி (மதுரை)

வணக்கம் சகோதரி. முதலில் ஒரு வேண்டுகோள்: ரெக்சின் கையில் இனி ஒரு தையல்கூடப் போடாமல் அதை எடுத்து வைத்துவிடுங்கள். கம்பளியைப் பிரித்து ஆவி காட்டினால் துளை மூடிக்கொள்ளும், ரெக்சினில் விழுந்த துளை விழுந்ததுதான். அதனால் கம்பளியில் செய்ய வேண்டிய எல்லாத் திருத்தங்களையும் முடித்து, ஆர்ம்ஹோலை மறுபடி அளந்த பிறகே கைக்கு வர வேண்டும்.

கம்பளியின் இழைகள் ஆவியில் நெருங்கி மிகுதியை ஏற்றுக்கொள்கின்றன. ரெக்சினில் துணியின் மேல் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் நெருங்குவதற்கு இடமே இல்லை. கையின் வளைவு ஆர்ம்ஹோலைவிடக் கால் அங்குலத்துக்கு மேல் மிகாமல் இருப்பதே பாதுகாப்பு. உங்களுக்குக் குறைய வேண்டியது ஏறத்தாழ 1 அங்குலம். கையின் உச்சியில் 1 அங்குலம் கீழிறக்கி, அக்குள் முனைகளை நோக்கி அந்த அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றுமில்லாமல் முடியும்படி புதிய வளைவு வரைந்தால், மொத்த நீளத்தில் கிட்டத்தட்ட அதே 1 அங்குலம் குறையும். பழைய துளைகளில் பெரும்பாலானவை வெட்டுப்பகுதியோடு போய்விடும். அக்குளுக்கு அருகே மட்டும் பழைய வரியை ஒட்டி ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவு உள்ளே தள்ளித் தைத்துக்கொள்ளுங்கள். கையின் நீளத்தில் குறையும் 1 அங்குலத்தை, மணிக்கட்டு ரிப்பின் உயரத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம்.

மார்புப் பகுதிக்கு இரண்டு விவரங்கள் தேவை: பக்கவாட்டில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள், மெல்டன் மீதம் இருக்கிறதா?

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. உள்ளே அரை அங்குலம்தான் விட்டிருக்கிறேன். மெல்டன் 1 மீட்டர் மீதம் இருக்கிறது. பிரின்சஸ் கட் (மார்பின் மேல் நெடுக ஓடும் வளைந்த தையல்) கொடுக்கலாமா என்று யோசித்தேன். இடது மார்பில் 'ழ' என்ற எழுத்தைச் செனில் என்னும் பஞ்சுபோன்ற தடித்த நூலில் செய்து ஒட்ட வேண்டும் என்பது மகளின் ஆசை.

மறுமொழி (மதுரை)

மீதம் இருப்பது நல்லதாயிற்று. முன்பாகங்கள் இரண்டையும் புதிதாக வெட்டிவிடுங்கள். அரை அங்குலத்தைப் பிரித்து விடுவதால் இந்த இழுப்பு தீராது. ஆண்களுக்கான அளவில் மார்புக்கு மேல் ஏறி இறங்கும் நீளமும் இல்லை, அகலமும் இல்லை.

எழுத்து வரும் இடத்தின் நடுவே தையல் ஓடும் என்பதால் பிரின்சஸ் கட் வேண்டாம். காகித அளவில் மார்பு உச்சியைக் குறித்து, அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை நேராகவும், அங்கிருந்து ஆர்ம்ஹோலின் தையல் வரி வரை சாய்வாகவும் வெட்டுங்கள். வரியைத் தொடும் இடத்தில் துண்டாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கட்டும். பக்கவாட்டிலிருந்தும் அப்புள்ளியை நோக்கி ஒரு வெட்டுக் கொடுத்து, உச்சியில் முக்கால் அங்குலம் விரியுங்கள். பக்கவாட்டில் தானாகத் திறக்கும் இடைவெளியே உங்கள் டார்ட் (மார்புக்கு வடிவம் தர மடித்துத் தைக்கும் முக்கோணம்). ஆர்ம்ஹோலின் நீளம் மாறாது. அடிச்சுற்று மட்டும் 43½ அங்குலமாகும். மெல்டன் தடிமனானது என்பதால் டார்ட்டின் நடுவே வெட்டித் திறந்து, ஈரத்துணி போட்டு ஆவியில் அழுத்துங்கள். பிரஸ் பட்டன்களில் ஒன்று மார்பு உச்சிக்கு நேராக வரும்படி முதலில் குறித்து, மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழும் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டனுக்குப் பின்னால் கெட்டித் துணி நாடா வைக்காவிட்டால் கம்பளி கிழியும்.

'ழ' என்று கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1865இல் ஹார்வர்டு பேஸ்பால் அணியினர் தங்கள் சட்டையின் மார்பில் தைத்துக்கொண்ட ஓர் ஆங்கில எழுத்திலிருந்து வளர்ந்த உடை இது. அந்த இடத்தில் நம் எழுத்து அமர்வது அழகு. ஆனால் செனில் நூல் தடித்துப் பரவும், 'ழ'வின் சுழியும் கீழ்க்கொக்கியும் சிறிய அளவில் அடைபட்டுப்போகும். 4 அங்குலத்துக்குக் குறையாத உயரம் வையுங்கள், அல்லது இரு நிறக் கம்பளி ஃபெல்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டி வையுங்கள். எதுவானாலும் லைனிங்குக்கு முன்பே தைத்து முடிக்க வேண்டும்.

மறுமொழி (திருப்பூர்)

ரிப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. புதிய அடிச்சுற்று 43½ என்றால் ரிப் 36 அங்குலம் போதும். அடிச்சுற்றில் ஐந்தில் நான்கு பங்கு என்பது பொதுக்கணக்கு. பெண்களுக்கு இடுப்பெலும்பின் அகலத்தையும் பார்க்க வேண்டியிருப்பதால் சற்றுக் கூட்டிச் சொல்கிறேன். மிகவும் இறுக்கினால் ஜாக்கெட் இடைக்கு ஏறி நின்றுவிடும்.

டி-சர்ட் கழுத்துக்கு வரும் மெல்லிய ரிப் கம்பளியின் எடையைத் தாங்காது. லைக்ரா கலந்த, கனமான, இரண்டுக்கு இரண்டு (இரண்டு மேடு, இரண்டு பள்ளமாக வரும்) ரிப்பாகக் கேளுங்கள். கோடு போட்டது வேண்டுமானால் காலர் பின்னும் பிளாட் நிட்டிங் இயந்திரத்தில் பின்னியதாகத்தான் கிடைக்கும். ரிப்பையும் அடிச்சுற்றையும் நான்கு சம பங்காகக் குறித்து, குறிகளைச் சேர்த்து, ரிப் மேலே இருக்கும்படி வைத்து, அதை மட்டும் இழுத்துத் தையுங்கள். கம்பளியைச் சேர்த்து இழுத்ததாலும் உங்களுக்கு அலை வந்திருக்கக்கூடும். ரிப்புக்கு உருண்டை முனை ஊசி, ரெக்சினுக்கு 16ஆம் எண் தோல் ஊசி. தோல் ஊசியால் ரிப்பைத் தைத்தால் இழை அறுந்து ஓடும். ரெக்சினில் அங்குலத்துக்கு 6 அல்லது 7 தையலுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் தபால்தலை போலக் கிழிந்து வரும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முன்பாகங்களைப் புதிதாக வெட்டி டார்ட் பிடித்துவிட்டேன். மகள் உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்தாள், பட்டன் திறக்கவில்லை. 36 அங்குல ரிப் அலையில்லாமல் அமர்ந்தது. கையின் புதிய வளைவைக் காகிதத்தில் வரைந்து அளந்ததில் 18¼ அங்குலம் வந்தது. பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதம்) ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகர மறுப்பது மட்டும்தான் பாக்கி.

மறுமொழி (மதுரை)

ஒட்டாமல் வழுக்கும் டெஃப்ளான் ஃபுட் கிடைத்தால் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய காகித நாடாவை ரெக்சினுக்கு மேல் வைத்து அதன்மீதே தைத்து, பிறகு கிழித்தெடுத்துவிடுங்கள். எஞ்சிய ரெக்சின் துண்டில் ஒரு சாண் நீளம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையில் தொடங்குங்கள்.