மே 1: காதுகுத்தும் கிராமசபையும்

குழு: பெரிய வீட்டு உறவுகள்

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். மே 1 அன்று அய்யனார் கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. நேரம் காலை 9 முதல் 10.30. யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், சமையல்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பிரபு: நாங்கள் நான்கு பேர்.

தனம் அத்தை: பிரபு, தாய்மாமன் நீ. உன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். போன தடவை மாதிரி சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்காதே.

முருகன்: (வந்த செய்தி) அவசரம்! தமிழ்நாட்டில் எல்லா ஏரி குளங்களையும் தனியாருக்கு விற்கச் சட்டம் வந்துவிட்டது! உடனே பத்து பேருக்கு அனுப்பவும்!

முருகன்: இது உண்மையா? நம் கண்மாயில் யாரோ அளந்தார்கள் என்று அம்மா சொன்னார்கள்.

தனம் அத்தை: ஆமாம்டா. இரண்டு பையன்கள், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்குக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றி நின்றார்கள். என்ன என்று கேட்டேன். ரோட்டு வேலை என்றார்கள். கரைக்கு உள்ளே என்ன ரோடு?

செல்வம் சித்தப்பா: முருகா, அந்தச் செய்தியை அழித்துவிடு, யாரும் மேலே அனுப்ப வேண்டாம். எல்லா ஏரியையும் யாரும் விற்கவில்லை. ஆனால் சட்டம் ஒன்று இருப்பது நிஜம். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம், 2023. அந்த வருடம் ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதம் இல்லாமல் நிறைவேற்றினார்கள். 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. விஷயம் இதுதான்: 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் ஒருவர் திட்டம் கொண்டுவருகிறார், அதற்குள் குளமோ ஓடையோ வாய்க்காலோ இருக்கிறது என்றால், அரசு அதைச் சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கலாம். பிறகு ஒரு நிபுணர் குழு, உள்ளே இருக்கும் அரசு நிலத்தையும் சேர்த்து ஒருங்கிணைப்புத் திட்ட வரைவு போடும். மக்களிடம் கருத்தும் ஆட்சேபணையும் கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கேட்கும்போது ஊரில் யாருமே வாய் திறக்கவில்லை என்றால், ஆட்சேபணை இல்லை என்றுதான் எழுதுவார்கள். நம் ஊருக்கு இதுவரை அப்படி அறிவிப்பு எதுவும் வரவில்லை. வருவதற்கு முன்னால் பேச வேண்டும் என்பதுதான் என் கவலை.

கவிதா: சித்தப்பா, நீங்கள் எத்தனை பேர்?

பிரபு: 100 ஹெக்டேர் என்றால் எவ்வளவு?

செல்வம் சித்தப்பா: 247 ஏக்கர்.

முருகன்: அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவார்கள்?

ராஜி சித்தி: மேலப்புஞ்சையில் பாதி ஏற்கெனவே கைமாறிவிட்டதே. முதலில் யார் கொடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். மீனா கல்யாணத்துக்காக விற்றேன். அன்றைக்குக் கடன் கேட்டு எத்தனை பேரிடம் போனேன் என்றும் எல்லாருக்கும் தெரியும்.

தனம் அத்தை: அண்ணே, விடுங்கள். பிள்ளைக்கு நல்ல காரியம் பேசுகிற இடம்.

கவிதா: நன்றி அத்தை.

பிரபு: சித்தப்பா, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறதாமே. அப்புறம் என்ன?

செல்வம் சித்தப்பா: அங்கேதான் சிக்கலே. கண்மாய் என்ன அண்டாவில் பிடித்து வைத்த தண்ணீரா, இங்கே இருப்பதைத் தூக்கி அங்கே வைக்க? நான் நில அளவையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்தவன், அதனால் சொல்கிறேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கே வந்து விழ வேண்டும், கரை எங்கே வளைய வேண்டும், மடை எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் எல்லாமே நிலத்தின் சரிவைப் பார்த்து வைத்தது. நம் நடு மடையின் அடிமட்டம் கிழக்கு மடையைவிடத் தாழ்வு. அதனால்தான் தை மாசியில் கிழக்கு மடை வறண்ட பிறகும் நடு மடையில் கொஞ்சம் ஓடும், அந்தத் தண்ணீரில்தான் உங்கள் தாத்தா கடைசி நெல்லைக் காப்பாற்றுவார். அதே கொள்ளளவுக்கு மேற்கே ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும், ஆனால் கண்மாய்த் தண்ணீரில் விளைகிற ஆயக்கட்டில் ஒரு வயலுக்கும் தண்ணீர் ஏறாது. கலுங்கு மறுகால் போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது, அங்கிருந்து அதற்கடுத்த கண்மாய்க்கு. நடுவில் ஒன்றைக் கலைத்தால் கீழே இருக்கிற ஊர்கள் நம்மைத்தான் கேட்கும். ஆடு மாடு இறங்குகிற துறை, மீன் பாசி ஏலம், கோடையில் கிணறுகளில் ஊறுகிற ஊற்று, இதெல்லாம் கொள்ளளவு என்ற ஒரு சொல்லுக்குள் வராது.

முருகன்: இதை இப்படியே கூட்டத்தில் சொல்லுங்கள் மாமா.

செல்வம் சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். மே 1 கிராமசபை. வருடத்தில் ஆறு கூட்டம், அதில் அது ஒன்று. நம் ஊர் மக்கள்தொகை 500க்கு மேல் 3,000க்குள், எனவே 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானம் இரண்டு கேட்க வேண்டும். ஒன்று, நம் கண்மாயையும் வரத்துக்காலையும் எந்தச் சிறப்புத் திட்டத்திலும் சேர்க்கக் கூடாது. இரண்டு, நீர்நிலை உள்ள நிலத்துக்குக் கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் அறிவிப்பே வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். காலி இடம் விட்ட தாளில் போடவே போடாதீர்கள்.

கவிதா: சித்தப்பா, அன்றைக்குத்தான் காதுகுத்து.

செல்வம் சித்தப்பா: அதனால்தான் வசதி. எல்லாரும் ஊரில் இருப்போம். கூட்டம் 11 மணிக்கு.

கவிதா: 11 மணிக்கு முதல் பந்தி! அவர் வீட்டிலிருந்து இரண்டு வேன் வருகிறது, அவர்களை உட்கார வைத்துவிட்டு நாம் எழுந்து போவதா?

ராஜி சித்தி: பந்தியை 12.30க்கு வைத்துவிடு கவிதா. அதுவரைக்கும் பானகம், வடை.

பிரபு: எங்களுக்கு ஓட்டு சென்னையில். நாங்கள் வந்து கை தூக்க முடியாதே.

தனம் அத்தை: மாற்றாதே என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

செல்வம் சித்தப்பா: முடியாதுதான். ஊர் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர். நீங்கள் கடிதம் எழுதுங்கள். ஒன்று நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒன்று வருவாய்த் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை 600009 என்ற முகவரிக்கு. சட்டசபையில் மனுக்கள் குழு என்றும் ஒன்று உண்டு, அதற்கும் அனுப்பலாம். நான் எழுதித் தருவதை எல்லாரும் அப்படியே நகல் எடுத்து அனுப்பினால் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடுவார்கள். உங்கள் பங்கு எந்தச் சர்வே எண், எந்த மடைப் பாசனம், கடைசியாக எப்போது விளைந்தது என்று அவரவர் சொந்தமாக எழுதுங்கள்.

பிரபு: எழுதினால் நடந்துவிடுமா சித்தப்பா? சட்டம் வந்தே விட்டது.

முருகன்: மச்சான், அரிட்டாபட்டியை மறந்துவிட்டாயா? 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9 சட்டசபையிலும் தீர்மானம் வந்தது, ஜனவரியில் மேலூரே மதுரைக்குத் திரண்டு வந்தது. 2025 ஜனவரி 23 ஏலம் ரத்து. எங்கள் கம்பெனியில் மேலூர்ப் பையன்கள் மூன்று பேர் லீவு போட்டுப் போனார்கள்.

செல்வம் சித்தப்பா: இன்னொன்றும் கேள். இந்தச் சட்டம் நிறைவேறிய அதே ஏப்ரல் 21 அன்றுதான் 12 மணி நேர வேலைக்கான தொழிற்சாலைகள் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. பத்தே நாளில், மே 1 அன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் சொன்னார். நிலச் சட்டத்துக்கு அந்த அளவுக்குச் சத்தம் எழவில்லை, அது அப்படியே நிலைத்துவிட்டது.

பிரபு: சரி. கடிதம் எழுதுகிறேன். சர்வே எண் அனுப்புங்கள், எனக்கு ஞாபகம் இல்லை.

ராஜி சித்தி: வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கும். அதுதான் யாரிடம் இருக்கிறது என்று பத்து வருடமாகத் தெரியவில்லை.

கவிதா: சித்தி, இப்போது அதை எடுக்காதீர்கள்.

பெரியப்பா: பத்திரம் என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்று. என் நிலத்தை வாங்கியவர்கள் அதன் பிறகு யார் யாரிடம் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். வரத்துக்காலின் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். நடுவில் ஓடைப் புறம்போக்கு மட்டும்தான் பாக்கி. வேண்டுமானால் கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன்.

செல்வம் சித்தப்பா: அண்ணே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்வே எண்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி நான் ஒத்துப் பார்க்கிறேன்.

பெரியப்பா: படம் எடுக்க எனக்கு வராது. நேரில் வா.

செல்வம் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தனம் அத்தை: இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்காரப் போகிறீர்களா? நான் காப்பி போட வருகிறேன்.

முருகன்: அம்மா, உன் பேர் பட்டியலில் இருக்கிறதா, பார்த்தாயா?

தனம் அத்தை: கார்டு பீரோவில் இருக்கிறது.

செல்வம் சித்தப்பா: கார்டு இருந்தால் போதாது அக்கா, பட்டியலில் பேர் இருக்க வேண்டும். பாகம் எண்ணை அனுப்புங்கள்.

கவிதா: பந்தி 12.30 என்று அவர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். முடிவாகவில்லை, சமையல்காரரிடம் யாரும் இப்போதே மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

ராஜி சித்தி: நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.