மறு: டோஸ் – மருந்துக்கும் கதிருக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். டோஸ் (dose) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். புற்றுநோய்ப் பிரிவில் கதிர்ச் சிகிச்சைக் கருவியோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்பதால், இதில் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

> "மருந்தளவு" என்ற சொல் நன்றாக வழக்கத்துக்கு வந்துவிட்டது. கதிரியலுக்கும் அதையே "கதிர் மருந்தளவு" என்று நீட்டிக்கொள்ளலாமே.

இப்படி எழுதிய மருத்துவர் அம்மா சொல்லும் வசதி எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சொல் ஒரு வீட்டில் என்ன செய்தது என்று பார்த்த பிறகு என்னால் அதற்கு ஒப்ப முடியவில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெரியவர் ஒருவரின் மகள், கையில் இருந்த தாளைக் காட்டிக் கேட்டார்: "சார், ஐம்பதுன்னு போட்டிருக்கே, இந்த ஐம்பதும் அப்பா உடம்புக்குள்ளேயே தங்கிடுமா?" தாளில் இருந்தது 50 கிரே (உடம்பில் படியும் கதிரை அளக்கும் அலகு), 25 முறை. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 2 கிரே, ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் பெரியவர் தனித் தட்டில் சாப்பிட்டிருக்கிறார், பேரனைத் தூக்கவே இல்லை. "மருந்து உள்ளே ஏறியிருக்கு, குழந்தைக்கு ஆகாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காதில்லையா, அதுபோல வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் கருவியை நிறுத்தியதும் முடிந்துவிடுகிறது, உடம்பில் எதுவும் தங்காது என்று சொன்னேன். அந்த மகளுக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர் மட்டும், "அப்ப இன்னைக்கே தூக்கலாமா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

நம் மக்கள் கதிர்ச் சிகிச்சையைக் "கரண்ட் வைக்கிறது" என்கிறார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கரண்ட் பாயும், நிற்கும்; தங்காது. "கதிர் மருந்தளவு" என்பதைவிட அந்தச் சொல் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, சிக்கல் எங்கே தொடங்குகிறது? டோஸ் என்பதன் கிரேக்க வேருக்குக் "கொடுத்தல்" என்று பொருள். மருந்தில் அது சரியாகவே பொருந்துகிறது. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், கொடுத்த அளவு கண்ணுக்குத் தெரியும். கதிரில் நாம் அளப்பது கொடுத்ததை அல்ல, உடம்பு வாங்கிக்கொண்டதை. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. கருவி எவ்வளவு கக்கியது என்பது வேறு கணக்கு.

கொடுப்பவரே இல்லாத இடமும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதற்குள் கதிர் வீசும் தோரியம் உண்டு. அங்கே நடக்கிறவருக்கு மற்ற ஊர்க்காரரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கதிர் படும். யார் கொடுத்தார்கள்? மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் மூச்சில் போகும் ரேடான் வாயுவிலிருந்தும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (கதிரின் தீங்கைக் கணக்கில் எடுக்கும் அலகு, கீழே விளக்குகிறேன்) வந்து சேர்கிறது. இதை மருந்தளவு என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வேறுபாடு நம் பேச்சுத் தமிழில் முன்பே இருக்கிறது. "அப்பாகிட்ட நல்லா டோஸ் வாங்கினான்" என்கிறோம். அங்கே டோஸ் வாங்குவதுதான். எங்கள் பிரிவில் எல்லோரும் நெஞ்சுப் பக்கம் கதிரை அளக்கும் ஒரு சிறிய பட்டை (பேட்ஜ்) அணிகிறோம். உள்ளே டிஸ்ப்ரோசியம் என்ற தனிமம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை எடுத்துச் சூடாக்குவார்கள். தான் வாங்கிய கதிரை வட்டு ஒளியாகத் திருப்பித் தரும். அந்த ஒளியை அளந்து கணக்குப் போடுவார்கள். முடிவு வந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்பது, "உனக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்றுதான். யாரும் "எவ்வளவு கொடுத்தார்கள்" என்று கேட்டதில்லை.

அதனால் நான் முதலில் "ஏற்பளவு" என்ற சொல்லை ஆதரித்து எழுத நினைத்தேன். ஏற்கெனவே சிலர் கையாளும் சொல்தான். அப்புறம் திருச்சி நண்பரின் மடல் வந்தது.

> "ஏற்பளவு 20 மில்லிசீவர்ட்" என்று படித்தால், ஏற்கத்தக்க அளவு 20 என்று அல்லவா பொருள் வருகிறது?

நியாயமான கேள்வி. அதுவும் ஆபத்தான இடத்தில் வரும் குழப்பம். கதிர்ப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது உண்மையிலேயே ஒரு வரம்பு. வாங்கிய அளவையும் வாங்கலாம் என்ற அளவையும் ஒரே சொல் குறித்தால் பாதுகாப்புக் கையேடே கெட்டுவிடும். எனவே "அளவு" என்பதையே விட்டுவிடலாம் என்கிறேன். எண் வந்தாலே அளவு வந்துவிட்டது. "கதிரேற்பு" போதும். ஆண்டுக் கதிரேற்பு, தோலின் கதிரேற்பு, கதிரேற்பு வீதம். வரம்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் "கதிரேற்பு வரம்பு". இரண்டும் ஒன்றோடொன்று முட்டாது.

இனி, கிரே இருக்கும்போது சீவர்ட் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு. இரண்டும் கிலோவுக்கு ஒரு ஜூல்தான், ஆனால் ஒரே கேள்விக்கான விடை அல்ல. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுதும் ஒரே நேரத்தில் 4 கிரே படிந்தால், சிகிச்சை இல்லாத நிலையில் அவர் பிழைப்பது ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். அந்த 4 கிரேயின் மொத்த ஆற்றல் 280 ஜூல். அது உடல் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். சூடான காப்பியை ஒரு மிடறு குடித்தாலே அதைவிட அதிக வெப்பம் உள்ளே போகிறது. ஆக, கொல்வது சூடு அல்ல. அந்த ஆற்றல் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து, உயிரணுவின் மரபிழையை (டி.என்.ஏ.) அறுக்கும் விதம்தான். எக்ஸ் கதிர் தூறல்போலப் பரவலாக விழும். ஆல்ஃபா துகள் ஒரே கோட்டில் நெருக்கமாக இடித்துக்கொண்டு போகும். அதனால் எக்ஸ் கதிருக்கு 1 என்றால் ஆல்ஃபாவுக்கு 20 என்று பெருக்கிக்கொள்கிறோம். பெருக்கி வருவது சீவர்ட். அதை "ஈடான கதிரேற்பு" எனலாம். "நிகர்" வேண்டாம், நிகர லாபம் படித்துப் பழகிய கண்ணுக்கு அது கழித்தது போகத் தங்கியதாகத் தோன்றும்.

அடுத்து வரும் சொல்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. உறுப்புக்கு உறுப்பு பாதிப்பு வேறு. நுரையீரல், வயிறு, எலும்பு மச்சை ஆகியவற்றுக்குத் தலா 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01 என்று எடை கொடுத்துக் கூட்டினால் முழு உடலுக்கும் ஒரே எண் கிடைக்கும். ஆங்கிலத்தில் எஃபெக்டிவ் டோஸ் எனப்படும் இதற்குப் பட்டியலில் "பயனுறு அளவு" என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து மாற்றுங்கள். இந்த எண் சொல்வது தீங்கின் வாய்ப்பை, பயனை அல்ல. "வயிற்றுச் சி.டி. ஸ்கேனின் பயனுறு அளவு சுமார் 8 மில்லிசீவர்ட், மார்பு எக்ஸ்ரேயின் பயனுறு அளவு 0.1க்கும் கீழே" என்று ஒருவர் படித்தால், ஸ்கேனில்தான் பயன் அதிகம் என்று நினைக்க மாட்டாரா? மருந்தியலில் பயன்தரும் அளவு என்று சொல்வது சரி, அங்கே மருந்து வேலை செய்யும் அளவைத்தான் குறிக்கிறார்கள். இங்கே "விளைவுக் கதிரேற்பு" என்று வைக்கலாம். விளைவு நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை.

"மருந்தளவு" என்ற சொல் கதிரோடு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கவே கொடுக்கிறோம். 3,700 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), பழைய கணக்கில் 100 மில்லிகியூரி. அது மருந்து, கொடுத்தது, சில நாள் உடம்பில் தங்கும். அதைக் குடித்தவர் குழந்தையிடமிருந்து விலகி இருக்கத்தான் வேண்டும். அது மருந்தளவு. அதனால் அவருடைய தைராய்டுத் திசுவில் படிந்த ஆற்றல் கதிரேற்பு. ஒரே நோயாளி, இரண்டு எண், இரண்டு சொல். ஒரே சொல்லாக வைத்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்கவே முடியாது.

மருந்துப் பக்கம் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. சித்த மருத்துவ ஏடுகள் பணவெடை, குன்றியெடை என்று அளவைத் தனியாகவும், இருவேளை, மூவேளை என்று முறையைத் தனியாகவும் சொல்லிப் பழக்கியிருக்கின்றன. அதையே பின்பற்றி ஒரு முறை கொடுப்பதை "வேளையளவு" எனலாம். தடுப்பூசிக்குக் கொரோனாக் காலத்திலேயே "முதல் தவணை, இரண்டாம் தவணை" நிலைத்துவிட்டது. அதே "தவணை"யை நாங்கள் சிட்டிங் என்று சொல்வதற்கும் எடுத்துக்கொள்ளலாம்: 50 கிரே, 25 தவணையில். மொத்தத்தைப் பிரித்துக் கட்டுவதுதானே தவணை.

ஒன்றை மட்டும் பட்டியலின் முன்னுரையில் போட வேண்டும்: "மில்லி" என்று தனியாக எழுதவே கூடாது. என் அக்கா பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமால் மருந்து வழக்கம்போல் 5 மில்லி கொடுத்தார்கள். புதுப் புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம்; தீர்ந்துபோன பழையதில் 120. அளவுக் குப்பியின் கோடு அதே கோடு, மருந்து இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டாம் வேளைக்கு முன் புட்டியைத் திருப்பிப் பார்த்ததால் தப்பித்தோம். வேளையளவு என்பது மருந்தின் எடை; மில்லிலிட்டர் அது கரைந்திருக்கும் நீர்மத்தின் கணக்கு. மி.கி., மி.லி., மை.கி. என்று சுருக்கினால் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தைராக்சின் மாத்திரையில் 50 மைக்ரோகிராம் என்பதை மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு. இடம் எவ்வளவு பிடித்தாலும் முழுதாகவே எழுதுவோம்.

"கதிரேற்பு"க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். "விளைவுக் கதிரேற்பு" என்பதைவிடச் சின்னதாக ஒன்று யாருக்காவது தோன்றினால் என்னுடையதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன். "பயனுறு அளவு" மட்டும் அடுத்த பதிப்பில் இருக்க வேண்டாம்.

அன்புடன்.